வெடித்தது ஹீலியம் இல்லை, ஆசிரியரே

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் ஒரு திருவிழா விபத்துச் செய்தி வந்திருந்தது. ‘ஹீலியம் சிலிண்டர் வெடித்து பலூன் வியாபாரி படுகாயம்’ என்று தலைப்பு. உள்ளே படித்தால் தீப்பிழம்பு எழுந்தது, பக்கத்துக் கடையின் பந்தல் பற்றிக்கொண்டது, நின்றிருந்தவர்களுக்குத் தீக்காயம் என்று எழுதியிருக்கிறது. ஹீலியம் எரியாதுங்க. எரிகிற தீக்குச்சியை அதற்குள் விட்டால் குச்சிதான் அணையும். அழுத்தம் தாங்காமல் ஒரு ஹீலியம் சிலிண்டர் பிளந்துகொள்ளலாம், இரும்புத் துண்டு பறந்து ஆளையே கொல்லலாம், அது நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் பந்தல் எரியாது. பந்தல் எரிந்திருக்கிறது என்றால் சிலிண்டருக்குள் இருந்தது ஹைட்ரஜன்.

தொழிற்சாலை வாயு நிரப்பும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆக்சிஜன், நைட்ரஜன், ஆர்கான், ஹைட்ரஜன், எப்போதாவது ஹீலியம் என்று எல்லாம் கையில் வந்து போனதுதான். எங்கள் வேலையில் சேருகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது சிலிண்டரின் நிறம். ஹைட்ரஜன் என்றால் சிவப்பு, ஹீலியம் என்றால் பழுப்பு, ஆர்கான் என்றால் நீலம். அடுத்தது வால்வு மரை. எரிகிற வாயுவின் மரை இடப்பக்கம் சுற்றும், எரியாததின் மரை வலப்பக்கம் சுற்றும், அவசரத்தில் ஒன்றின் ரெகுலேட்டரை இன்னொன்றில் மாட்டிவிடக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் போட்ட படத்தில் இருந்த சிலிண்டரில் நிறமே இல்லை, வெறும் துரு.

பல ஊர்த் திருவிழாக்களில் நடப்பது இதுதான். எங்கோ கழித்துப்போட்ட பழைய சிலிண்டர் ஒன்றை வாங்கி, அதற்குள் காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் தண்ணீரையும் போட்டு மூடி, வருகிற வாயுவைப் பலூனில் பிடிப்பார்கள். காஸ்டிக்கும் அலுமினியமும் சேர்ந்தால் ஹைட்ரஜனோடு கூடவே சூடும் வரும், சூடு ஏற ஏற வினை இன்னும் வேகம் பிடிக்கும், அழுத்தம் எவ்வளவு என்று காட்ட ஒரு கேஜ் கிடையாது, மிஞ்சினால் வெளியே விட ஒரு சேஃப்டி வால்வு கிடையாது, சிலிண்டருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய நீரழுத்தச் சோதனையை அது கடைசியாக எப்போது பார்த்தது என்று யாருக்கும் தெரியாது. ஹைட்ரஜன் காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலும் பற்றும், 75 பங்கு கலந்தாலும் பற்றும். பீடி நெருப்பு வேண்டாம், சட்டையில் உராய்ந்து வரும் சின்னப் பொறி போதும்.

இதை ஹீலியம் என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? அடுத்த திருவிழாவுக்கு ‘ஹீலியம் சிலிண்டருக்குத் தடை’ என்று அறிவிப்பு வரும், முறையாக வாங்கி முறையாக வைத்திருக்கும் ஓரிருவர் கடையைக் கட்டுவார்கள், சந்துக்குள் காஸ்டிக் காய்ச்சுகிறவரை யாரும் கேட்கப்போவதில்லை, ஏனென்றால் அவர் வைத்திருப்பது ஹீலியமே இல்லையே.

சரி, அப்படியானால் எல்லோரும் நல்ல ஹீலியமாக வாங்கிப் பலூன் ஊதட்டும் என்று சொல்ல வருகிறேனா என்றால், அதுவும் இல்லை. பலூனில் அடைத்து வானத்தில் விடவே கூடாத சரக்கு அது. ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் பின்னால் வருகிற குத்தாலம் பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

கிரகணம் வரும்போதெல்லாம் எல்லாப் பத்திரிகைகளும் ஒரு துணுக்குப் போடும். 1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூரில் முழுச் சூரிய கிரகணத்தைப் பார்த்த பிரெஞ்சுக்காரர் ஜான்சன் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார் என்று. உண்மையில் நடந்தது இவ்வளவு சுத்தமாக இல்லை. ஜான்சன் பார்த்தது சூரிய விளிம்பில் எழும் பிழம்புகளின் பிரகாசமான நிறமாலைக் கோடுகளை, அதாவது வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும், பொருளுக்குப் பொருள் மாறும் கோடுகளை. கிரகணம் இல்லாதபோதும் அவற்றைப் பார்க்க முடியும் என்று மறுநாளே காட்டியதுதான் அவருடைய பெரிய சாதனை. அதே கிரகணத்தை மசூலிப்பட்டினத்திலிருந்து பார்த்தவர் சென்னை வானாய்வகத்தின் போக்சன், மஞ்சள் பகுதியில் ஒரு கோடு இருப்பதைக் குறித்துவைத்தவர், அவர் பெயரைத் துணுக்கு எழுதுகிறவர்கள் சுத்தமாக மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் இருந்த லாக்கியர் அதே ஆண்டு அக்டோபரில் கிரகணமே இல்லாமல் பிழம்பைப் பார்த்தார், அப்புறம் அந்த மஞ்சள் கோடு சோடியத்தின் கோடு இல்லை, பூமியில் தெரிந்த எதனுடையதும் இல்லை என்று அடித்துச் சொன்னவரும் அவர்தான். பல வேதியியலாளர்கள் நம்பவில்லை. கையில் பிடித்துக் காட்டாத பொருளை எப்படி நம்புவார்கள்?

கையில் பிடிக்க 27 வருடம் ஆனது. பிடித்தவர் லண்டனில் இருந்த வில்லியம் ராம்சே, அதுவும் வேறொன்றைத் தேடப் போய். அதற்கு முந்தைய கதை எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ரொம்பப் பிடித்தமானது. ரேலி பிரபு என்ற இயற்பியலாளர் நைட்ரஜனை எடை போட்டுக்கொண்டிருந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம், அம்மோனியா போன்றவற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் 1.2505 கிராம். வித்தியாசம் மூன்றாவது தசமத்தில். இன்னொருவராக இருந்தால் தராசு சரியில்லை என்று விட்டிருப்பார். அவர் விடவில்லை, ராம்சேயும் சேர்ந்துகொண்டார், 1894இல் காற்றுக்குள் நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு பங்கு, யாருமே அதுவரை பிரித்துக் காட்டாத ஒரு வாயு இருக்கிறது என்று அறிவித்தார்கள். அதுதான் ஆர்கான். இன்று தெருவுக்குத் தெரு ‘ஆர்கான் வெல்டிங்’ போர்டு தொங்குகிறதே, அது அந்த மூன்றாவது தசமத்திலிருந்து வந்த வியாபாரம்.

ஆர்கான் கனிமங்களுக்குள்ளும் இருக்குமா என்று ராம்சே தேடினார். கிளீவைட் என்ற யுரேனியக் கனிமத்தை அமிலத்தில் போட்டால் ஒரு வாயு வருகிறது, அமெரிக்காவில் ஹில்லபிராண்ட் என்பவர் அதை நைட்ரஜன் என்று எழுதிவைத்திருக்கிறார் என்று ஒரு நண்பர் தகவல் சொன்னார். 1895 மார்ச்சில் ராம்சே அதைச் செய்து பார்த்து நிறமாலைமானியில் வைத்தபோது தெரிந்தது ஆர்கான் இல்லை, சூரியனில் பார்த்த அதே மஞ்சள் கோடு. அப்புறம் 1898இல் டிராவர்ஸ் என்ற தன் இளம் உதவியாளரோடு சேர்ந்து கிரிப்டான், நியான், செனான் மூன்றையும் எடுத்தார். அதற்கு வேண்டிய திரவக் காற்றைக் கொடுத்தது ஹாம்சன் என்பவர் காப்புரிமை எடுத்திருந்த ஒரு எந்திரம். அதே 1895இல் ஜெர்மனியில் கார்ல் லின்டே காற்றைத் திரவமாக்கும் முறையைக் கொண்டுவந்து அதைத் தொழிலாகவே ஆக்கிவிட்டார். ஆய்வகம் முன்னால் போனதா, வியாபாரம் முன்னால் போனதா என்று பிரித்துச் சொல்லவே முடியாத காலம் அது. நம் ஊர்ச் சங்கதி ஒன்றும் இதில் உண்டு. ஜாம்ஷெட்ஜி டாடா தொடங்க நினைத்த ஆராய்ச்சி நிலையத்துக்கு இடம் பார்த்துச் சொல்ல 1900இல் இந்தியா வந்தவர் இந்த ராம்சேதான், பெங்களூரைச் சொன்னார், அதன் முதல் இயக்குநராக வந்தவர் அந்த டிராவர்ஸ். இன்றைய இந்திய அறிவியல் கழகம் அதுதான்.

இனிமேல் மணலுக்கு வருகிறேன். கிராமத்தில் திருமண வீட்டில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்த்தவர்களுக்கு அதன் மேன்டில் ஞாபகம் இருக்கும், பட்டுத்துணி மாதிரி வலை, ஒருமுறை எரிந்ததும் தொட்டால் உதிரும் சாம்பலாக நிற்கும். அந்த வெள்ளை வெளிச்சத்துக்குக் காரணம் அதில் ஊறவைத்த தோரியம். ஐரோப்பியத் தெருக்கள் கேஸ் விளக்கில் எரிந்த காலத்தில் மேன்டில் செய்ய தோரியம் வேண்டும், தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும், அதனால் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் மணல் கப்பல் கப்பலாகப் போனது. 1909இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் அதே மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அப்போது அது திருவிதாங்கூர். ஏற்றுமதியான கயிற்றுச் சரக்கில் ஒட்டிக்கொண்டு போன மணல்தான் காட்டிக்கொடுத்தது என்பார்கள். அந்த மணல் தொழில் இன்றும் அங்கே அரசு நிறுவனத்தின் கையில் நடக்கிறது.

மேன்டிலுக்கும் ஹீலியத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளிவரும் ஆல்பா துகள் என்பதே ஹீலியத்தின் கருதான். ரூதர்ஃபோர்டு அதை நிரூபித்துக் காட்டினார். ஆகவே தோரியம் இருக்கிற மோனசைட் மணலைச் சூடாக்கினால் அதற்குள் கோடிக்கணக்கான வருடமாகச் சேர்ந்த ஹீலியம் கொஞ்சம் வெளியே வரும், கிராமுக்கு ஒன்றிரண்டு கன சென்டிமீட்டர்தான்.

அந்தக் கொஞ்சத்துக்காக நடந்த சண்டையைச் சொல்லாமல் விட முடியாது. ஹைட்ரஜனை 1898இல் முதலில் திரவமாக்கியவர் லண்டனில் ஜேம்ஸ் டூவர், ஃபிளாஸ்க்குக்கு ஆதாரமான வெற்றிடக் குடுவையைச் செய்தவரும் அவர்தான். மிச்சம் இருந்தது ஹீலியம் ஒன்று. அதே லண்டனில் ராம்சேயிடம் ஹீலியம் இருக்கிறது, டூவரிடம் குளிர் எந்திரம் இருக்கிறது, இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். டூவர் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து கிளம்பும் குமிழிகளைப் பிடித்து ஹீலியம் சேர்த்துக்கொண்டிருந்தார். ஹாலந்தில் லெய்டனில் இருந்த காமர்லிங் ஒன்னஸ் என்ன செய்தார்? அவர் தம்பி ஆம்ஸ்டர்டாமில் அரசாங்க வணிகத் தகவல் அலுவலகத்துக்குத் தலைவர். தம்பி மூலமாக வட கரோலினா மோனசைட்டை மூட்டை மூட்டையாக வரவழைத்தார், நான்கைந்து வேதியியலாளர்களை வைத்து அதிலிருந்து வாயுவைப் பிரித்துச் சுத்தம் செய்தார். கருவி செய்பவர்களுக்கும் கண்ணாடி ஊதுபவர்களுக்கும் தன் ஆய்வகத்திலேயே ஒரு பள்ளி நடத்தினார் அந்த மனிதர். ஃபிளிம் என்ற தலைமைத் தொழில்நுட்பரின் கை இல்லாமல் அந்த எந்திரம் ஓடியிருக்காது. நோபல் பரிசுக் கதையில் இந்த மாதிரிப் பெயர்கள் வருவதே இல்லை, வந்தால் நன்றாக இருக்கும்.

1908 ஜூலை 10 விடியற்காலையில் தொடங்கினார்கள். முதல் நாளே தயாரித்து வைத்த திரவக் காற்று, அதை வைத்து 20 லிட்டர் திரவ ஹைட்ரஜன், அதை வைத்து ஹீலியம் என்று படிப்படியாகக் குளிரவைத்துக்கொண்டே போய், மாலை ஏழரை மணிக்கு வெப்பமானி இறங்காமல் ஒரே இடத்தில் நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒரு வேதியியல் பேராசிரியர், வெப்பமானி திரவத்துக்குள்தான் நிற்கிறதோ என்னவோ, கீழேயிருந்து வெளிச்சம் அடித்துப் பாருங்கள் என்றார். அடித்தார்கள், திரவ மட்டம் கத்தி விளிம்பு மாதிரித் தெரிந்தது. கிடைத்தது 60 கன சென்டிமீட்டர், ஒரு சின்ன டம்ளர் கூட நிறையாது. வெப்பநிலை மைனஸ் 269 டிகிரி. மூன்று வருடம் கழித்து அதே குளிரில் பாதரசத்தின் மின்தடை காணாமல் போவதைப் பார்த்தார்கள். இன்று நம் ஊர் ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. காந்தம் வேலை செய்வது அந்த மீகடத்தலை வைத்துத்தான்.

மணலில் இருந்து எடுத்துக்கொண்டிருந்தால் அது ஆய்வகப் பொருளாகவே இருந்திருக்கும். வியாபாரமாக ஆனது அமெரிக்காவில். 1903இல் கான்சாஸ் மாநிலத்தில் டெக்ஸ்டர் என்ற சின்ன ஊரில் கிணறு தோண்டியபோது பயங்கர இரைச்சலோடு வாயு பீறிட்டது. ஊருக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று விழா எடுத்தார்கள், பேச்சு, கூட்டம் எல்லாம். கடைசியில் எரிகிற வைக்கோல் கட்டைக் கிணற்றில் தள்ளினால், தீ அணைந்துவிட்டது. மறுபடி தள்ளினார்கள், மறுபடி அணைந்தது. ஊர் முகம் தொங்கிப்போனது. மாநில நிலவியலாளர் ஒரு உருளையில் அதைப் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார், அங்கே கேடி, மெக்ஃபார்லண்டு என்ற இரண்டு பேர் பிரித்துப் பார்த்ததில் 72 பங்கு நைட்ரஜன், 15 பங்குதான் எரிகிற மீத்தேன். 1905 டிசம்பரில் அதற்குள் நூற்றுக்கு 1.84 பங்கு ஹீலியம் இருப்பதைக் கண்டார்கள். உலகத்தில் கன சென்டிமீட்டர் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்த பொருள், வயல்வெளிக்கு அடியில் டன் கணக்கில் இருக்கிறது. அப்போது அதற்கு ஒரு உபயோகமும் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

முதல் உலகப்போர் வந்தது, ஹைட்ரஜன் நிரப்பிய ஆகாயக் கப்பல்கள் எரிந்து விழுந்தன, உடனே உபயோகம் தெரிந்துவிட்டது. தூக்கும் சக்தியில் ஹீலியம் ஹைட்ரஜனுக்கு ஏழெட்டு சதவீதம்தான் குறைவு, எரியாது என்பது கூடுதல். அமெரிக்கா 1925இல் சட்டம் போட்டு அரசுக் கையிருப்பு தொடங்கியது, 1927இல் வெளிநாட்டுக்கு விற்பதை நிறுத்தியது. ஹீலியத்துக்கென்று வடிவமைத்த ஜெர்மனியின் ஹிண்டன்பர்க் அதனால்தான் ஹைட்ரஜனில் பறந்தது, 1937 மே 6 அன்று எரிந்தது, 36 பேர் செத்தார்கள். டெக்சாசில் அமரில்லோ பக்கத்தில் நிலத்தடிப் பாறைக்குள் அமெரிக்க அரசு ஹீலியத்தைச் சேமித்துக்கொண்டே போனது. அப்புறம் கடன் பெருகிவிட்டது, இந்தக் கையிருப்பு எதற்கு என்று 1996இல் விற்கச் சட்டம் போட்டார்கள். கடனை அடைக்க எவ்வளவு வேண்டுமோ அதை வைத்து விலை வைத்தார்களே தவிர, சரக்கின் அருமையை வைத்து இல்லை. அப்படி மலிவாக வந்த சரக்கு பிறந்தநாள் பலூனுக்கும் போனது. ஹீலியத்தில் ஆய்வு செய்து அதே 1996இல் நோபல் வாங்கிய ராபர்ட் ரிச்சர்ட்சன், ஒரு பலூன் 100 டாலர் விற்க வேண்டும் என்று கடைசிவரை கத்திக்கொண்டிருந்தார். யார் கேட்டார்கள்? 2024இல் அந்தக் கையிருப்பையே மெஸ்ஸர் என்ற கேஸ் கம்பெனிக்கு விற்று முடித்தாயிற்று.

ஏன் கத்த வேண்டும் என்றால், மற்ற வாயு எல்லாம் காற்றுக்கே திரும்பும், மறுபடி எடுக்கலாம். ஆக்சிஜன், நைட்ரஜன், ஆர்கான் எல்லாம் காற்றைக் குளிரவைத்துப் பிரிக்கிறோம், தீர்ந்துபோகாது. ஹீலியம் அப்படி இல்லை. காற்றில் அது பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான், அதைப் பிரிக்கிற செலவு கட்டுப்படியே ஆகாது, அது போக மெல்ல மெல்ல விண்வெளிக்கே போய்விடும். நிலத்தடியில் இயற்கை எரிவாயுவோடு மாட்டிக்கொண்டிருப்பதை எடுத்தால்தான் உண்டு. இரும்புத் தாது மாதிரி அதுவும் ஒரு சுரங்கப் பொருள். இரும்பையாவது உருக்கி மறுபடி எடுக்கலாம்.

கத்தாரின் எரிவாயுவில் ஹீலியம் நூற்றுக்கு 0.04 பங்குதான். இவ்வளவு கொஞ்சத்தை எடுத்து எப்படி உலகத்துக்கே விற்கிறார்கள் என்றால், ஏற்றுமதிக்காக எரிவாயுவை எப்படியும் மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்குகிறார்கள், மீத்தேன் எல்லாம் திரவமாகிப் போனபின் திரவமாகாமல் நிற்கும் மிச்சத்தில் ஹீலியம் தானாகவே செறிந்துவிடுகிறது. பெரிய செலவை வேறொரு வியாபாரம் ஏற்றுக்கொண்டது. 2017 ஜூனில் அண்டை நாடுகள் கத்தாரின் எல்லையை மூடியபோது சரக்கு வெளியே போக வழியில்லாமல் அந்த ஆலைகள் கொஞ்ச காலம் நின்றுபோயின, உலகம் முழுக்க ஆய்வகங்கள் தவித்தன. திரவ ஹீலியம் போகும் கன்டெய்னர் ஒன்று சுமார் 40 ஆயிரம் லிட்டர் பிடிக்கும், ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை தாங்கும், அதற்குமேல் துறைமுகத்தில் நின்றால் அழுத்தம் ஏறி ஆவியாக வெளியேறத் தொடங்கிவிடும். கோடவுனில் அடுக்கி வைத்துக்கொள்ளும் சரக்கு இல்லை இது. இந்தியாவின் தேவை கிட்டத்தட்ட முழுவதும் இப்படி வெளியிலிருந்து வருகிறது. மகேந்திரகிரியில் ராக்கெட் எந்திரச் சோதனைக்கும் அதுதான், ஏ.சி. கம்பெனியில் லீக் பார்ப்பதற்கும் அதுதான், கண்ணாடி இழை இழுப்பதற்கும் அதுதான்.

இப்போது குத்தாலம். அருவி இருக்கும் குற்றாலம் இல்லை, மயிலாடுதுறை பக்கத்துக் குத்தாலம். அங்கே ஓ.என்.ஜி.சி.யின் எரிவாயு சேகரிப்பு நிலையத்தில், கொல்கத்தாவிலிருக்கும் அணுசக்தித் துறையின் சைக்ளோட்ரான் மையம் ஒரு சோதனை ஆலையை அமைத்து, காவிரிப் படுகை எரிவாயுவிலிருந்து ஹீலியத்தைப் பிரித்து 99 சதவீதத்துக்கு மேல் சுத்தம் செய்து காட்டியது. அந்த வாயுவில் ஹீலியம் நூற்றுக்குச் சுமார் 0.06 பங்கு. கத்தாரில் 0.04 என்று மேலே சொன்னேன், மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். இதே மையத்தார் அதற்கு முன்னால் வங்காளத்தில் பக்ரேஷ்வர் வெந்நீர் ஊற்றில் கிளம்பும் வாயுவிலிருந்தும் ஹீலியம் எடுத்திருக்கிறார்கள்.

உடனே நாமும் கத்தார் ஆகிவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பங்கு அதிகமாக இருந்தால் போதாது, அளவு வேண்டும். அவர்கள் கடலளவு வாயுவைத் திரவமாக்குகிறார்கள், நம்முடையது சின்னச் சின்னக் கிணறுகள், குழாயில் அப்படியே பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகும். ஹீலியத்துக்காக மட்டும் குளிர் எந்திரம் வைத்தால் கணக்கு உதைக்கும். டெல்டாவில் எரிவாயு எடுப்பதைப் பற்றி விவசாயிகளுக்கு இருக்கும் பயமும் நியாயமானது, ஹீலியத்தைச் சாக்காக வைத்துப் புதுக் கிணறு தோண்டச் சொல்லவில்லை. ஏற்கெனவே மேலே வந்துகொண்டிருக்கும் வாயுவில் இருப்பதைப் பற்றித்தான் பேசுகிறேன். பிரிக்காமல் விட்டால் அது எரிவாயுவோடு போய், எரியாமல், பாய்லர் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது. அதையெல்லாம் விடப் பெரிய விரயம் நகரங்களில் நடக்கிறது.

ஸ்கேன் சென்டர்களைச் சொல்கிறேன். பழைய எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் 1,500 லிட்டருக்குக் குறையாமல் திரவ ஹீலியம் இருக்கும். ஆவியாவதை மறுபடி குளிரவைத்துத் திரவமாக்கும் அமைப்பு அதிலேயே இருக்கிறது, அது ஓடிக்கொண்டே இருந்தால் பெரிதாக ஒன்றும் வீணாகாது. ஆனால் சில்லர் பழுதானாலோ, இரவில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்காவிட்டாலோ ஆவி வெளியேற ஆரம்பிக்கும். காந்தம் திடீரென்று மீகடத்தலை இழந்தால், குவென்ச் என்பார்கள், அத்தனையும் கொதித்துக் குழாய் வழியாக மொட்டை மாடிக்கு மேலே போய்விடும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவாக விரியும். 1,500 லிட்டர் என்றால் பத்து லட்சம் லிட்டருக்கு மேல். சாதாரணப் பலூன் ஒன்றுக்கு 14 லிட்டர் என்று வைத்தால் எழுபதாயிரம் பலூனுக்கு மேல் ஒரே ராத்திரியில் போகிறது. புதிதாக வரும் சில எந்திரங்களில் மொத்தமே 7 லிட்டர்தான், அதுவும் மூடி அடைத்தது, வெளியே போக வழியே கிடையாது. அரசு மருத்துவமனைக்கு அடுத்த டெண்டர் விடும்போது விலையை மட்டும் பார்க்காமல் இதையும் ஒரு நிபந்தனையாகப் போட்டால் என்ன? பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் போன்ற ஆய்வு நிலையங்களில் ஆவியைக் குழாயில் திருப்பிப் பிடித்து மறுபடி திரவமாக்கும் ஏற்பாடு இருக்கிறது. கல்லூரிகளிலும் தொழிற்சாலைகளிலும் சின்ன அளவில் உபயோகிப்பவர்கள் ஒரு பையிலாவது பிடித்துச் சேர்த்து, பொதுவான ஒரு இடத்தில் கொடுத்துச் சுத்தம் செய்துகொள்ளலாம். கேஸ் கம்பெனிகளுக்கு இதில் ஆர்வம் இருக்காது, புதுச் சரக்கு விற்பதில்தானே லாபம். அரசு சொன்னால்தான் நடக்கும்.

அலங்காரப் பலூனுக்கு ஹீலியம் விற்பதையும் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. 7 கன மீட்டர் சிலிண்டர் ஒன்றில் ஐந்நூறு பலூன் ஊதலாம், ஒரு மால் திறப்பு விழாவுக்கு அது காலையிலேயே தீர்ந்துவிடும். குழந்தைகள் அதை உறிஞ்சிக் கீச்சுக் குரலில் பேசி வீடியோ எடுக்கிறார்கள், அதுவும் விளையாட்டு இல்லை, நுரையீரலில் ஆக்சிஜன் இருந்த இடத்தில் ஹீலியம் போனால் தலை சுற்றி விழுவதற்கு முன்னறிகுறி எதுவும் வராது, சிலிண்டரில் நேராக வாய் வைத்தால் அழுத்தமே நுரையீரலைக் கிழித்துவிடும். பறக்காத பலூனை நூலில் கட்டித் தொங்கவிட்டாலும் விழா விழாதான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இரண்டு. விபத்துச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள், அறிவியல் பக்கத்தில் இல்லாமல் அதே மாவட்டப் பக்கத்தில், உள்ளே இருந்தது ஹைட்ரஜன் என்று தடய அறிவியல் துறையிடமோ வெடிபொருள் பாதுகாப்பு அலுவலகத்திடமோ உறுதி செய்துகொண்டு. காஸ்டிக் போட்டு வாயு காய்ச்சுவதைப் பற்றித் தனியாக ஒரு பெட்டிச் செய்தியும் வேண்டும், திருவிழாக் காலம் வருகிறது.

இன்னொன்று, ஒரு நிருபரைக் குத்தாலத்துக்கு அனுப்புங்கள். அந்தச் சோதனை ஆலை இப்போது எந்த நிலையில் இருக்கிறது, மொத்தம் எவ்வளவு ஹீலியம் எடுத்தார்கள், ஒரு கன மீட்டருக்கு என்ன செலவு ஆனது, இறக்குமதி விலையோடு ஒப்பிட்டால் எவ்வளவு தூரத்தில் இருந்தது, பெரிய ஆலைக்குத் திட்ட அறிக்கை போனதா, போனது என்றால் எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். செலவுக் கணக்கைக் காட்ட மாட்டோம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், அதற்கு வேண்டிய தொழில்நுட்பக் கேள்விகளை எழுதிக்கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
கேஸ் கம்பெனி ஓய்வூதியர் ஒருவர்,
அம்பத்தூர்